கேட்பவர் நடந்து வரும் தொலைவு

ராயபுரத்தில் நான் தமிழாசிரியையாக வேலை பார்த்த உதவிபெறும் உயர்நிலைப்பள்ளியில், மாடிப்படிக்குக் கீழே, முன்பு கிழிந்த வரைபடங்களையும் உடைந்த பெஞ்சுகளையும் போட்டுவைத்திருந்த ஓர் அறை உண்டு. சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கும்படி எங்கள் பள்ளி நடத்தும் சமுதாய வானொலியின் ஒலிபரப்பு அறை அது. மாலை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த அறையின் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். விசிறியின் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும் என்பதால் நிறுத்தியே ஆகவேண்டும். ஜூன் மாதத்துப் புழுக்கத்தில், சுவரெல்லாம் தென்னைநார் விரிப்பும் பழைய போர்வையும் அடித்த அந்தச் சின்ன அறைக்குள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் தாளைக் கையில் பிடித்தபடி வியர்த்து உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒருத்தி எச்சில் விழுங்கிக்கொண்டு வணக்கம் சொல்வாள். அந்த வணக்கம் மொட்டைமாடிக் கம்பத்தின் வழியாகப் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டையின் ஒரு பகுதிக்கும் போய்ச் சேரும். அதற்கு அப்பால் போகாது.

போர்வைகளால் எல்லாச் சத்தத்தையும் தடுத்துவிட முடியவில்லை. 1856-இல் திறக்கப்பட்டுத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதைக்குத் தொடக்கமாக இருந்த ராயபுரம் நிலையம் எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்கள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், தேவாலய மணி, பள்ளிவாசலின் பாங்கு என எல்லாமே எங்கள் ஒலிப்பதிவுக்குள் வந்துகொண்டிருந்தன. முதல் ஆண்டில் ரயில் நேரம் பார்த்துப் பதிவுசெய்தோம். பிறகு அதை விட்டுவிட்டோம், ஏனென்றால் கேட்பவர்களின் வீட்டிலும் அதே நேரத்தில் அதே ரயிலின் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சென்ற மாதம் வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர் என்னிடம், பள்ளியில் சமுதாய வானொலி தொடங்கலாமா, இந்தக் காலத்தில் யார் வானொலி கேட்கிறார்கள், அந்தப் பணத்துக்கு நாலு கணினி வாங்கினால் ஆகாதா என்று கேட்டார். தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அவருக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான்: பள்ளி நடத்தும் வானொலியின் மதிப்பு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதில் இல்லை, தவறாகப் பேசினால் கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு நடந்து வந்துவிடக்கூடிய தொலைவுக்குள் பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அப்படி வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது என்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிறிய வானொலி இந்த ஊருக்குப் புதிதன்று. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், 40 வாட் திறனுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டரோடுதான் ஒலிபரப்பத் தொடங்கியது. பிறகு 200 வாட்டுக்கு உயர்ந்தும், பணமில்லாமல் 1927-இல் நின்றுபோனது. அந்தக் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து ரிப்பன் கட்டடத்தில் தன் ஒலிபரப்பை நடத்தியது. மாலையில் இசையோடு, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கதைகளும் பாட்டுப் பாடங்களும் அதில் ஒலித்தன. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்ட பிறகு அந்த வேலை அதன் கைக்குப் போனது. எங்கள் பள்ளிக்கு அனுமதி கிடைத்த டிரான்ஸ்மிட்டரின் திறன் 50 வாட். இந்தக் கணக்கை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அப்போ நாம செட்டியாரைவிட 10 வாட் பெரிசு டீச்சர்" என்றான். கிருஷ்ணசாமி செட்டியாரை அந்த வகுப்பு அதன்பின் மறக்கவே இல்லை.

வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கல்வி நிறுவனங்கள் தாமே ஒலிபரப்பலாம் என்ற வழிகாட்டுதல் 2002-இல்தான் வந்தது. அதன்படி நாட்டிலேயே முதலாவதாக, 2004 பிப்ரவரி முதல் நாளில், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 90.4-இல் ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. விண்ணப்பம், அலைவரிசை ஒதுக்கீடு, கம்பத்துக்கான ஒப்புதல், ஒப்பந்தம் என்று எங்கள் கோப்பு நடந்த நடையை இங்கே விவரிக்கப்போவதில்லை. பொறுமையுள்ள ஓர் எழுத்தரும் விடாப்பிடியான ஒரு தாளாளரும் இருந்தால் அது முடியும். விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவை பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் பாடம் நடத்தின. முதலாவது, செய்தியை நாமாகத் தயாரித்து வாசிக்கக்கூடாது; அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அதைத் தவிரத் தண்ணீர், மின்சாரம், வானிலை, தேர்வு போன்றவற்றில் நிர்வாகம் தரும் அறிவிப்புகளைச் சொல்லலாம். இரண்டாவது, ஒலிபரப்பியவை அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாத்துவைக்க வேண்டும். சொன்னதை இல்லையென்று சொல்ல முடியாது என்பதைப் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது சிறிய காரியமன்று.

50 வாட் என்பது ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவு. எங்கள் அறிவியல் ஆசிரியர் இந்த இடத்தில்தான் மாணவர்களைப் பிடித்துக்கொண்டார். பண்பலையில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அந்த அலை ஏறக்குறைய பார்வை போகிற நேர்க்கோட்டிலேயே போவதால், திறனைக் கூட்டுவதைவிடக் கம்பத்தை உயர்த்துவதே பயன் தரும். அந்தக் கம்பத்துக்கும் தரையிலிருந்து 30 மீட்டர் என்று மேல்வரம்பு உண்டு. ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் சின்ன ரேடியோக்களோடு தெருத்தெருவாக நடந்து, எங்கே கேட்கிறது, எங்கே இரைகிறது என்று வரைபடத்தில் குறித்து வந்தார்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் அரைக் கிலோமீட்டரிலேயே எங்கள் குரல் தேய்ந்திருந்தது. தடுக்க ஒன்றுமில்லாத கடல் பக்கத்திலோ, மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டியும் தெளிவாகக் கேட்டது. வரைபடத்தில் நாங்கள் பார்த்த வட்டம் வட்டமாகவே இல்லை. கரையில் நசுங்கியும் கடலில் விரிந்தும் கிடந்தது. யாருக்காகப் பேசவேண்டும் என்று எங்களுக்குச் சொன்னது அந்த வரைபடம்தான்.

மொழியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் சில வாரங்களில் பிள்ளைகள் எல்லாரும் பேச்சுப்போட்டி மேடையில் நிற்பதுபோலவே பேசினார்கள். "அவையோர் அனைவருக்கும் என் பணிவான" என்று தொடங்கும் அந்தத் தமிழைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணன் ஒருவர், தன் பெட்டியின் மேல் ரேடியோவை வைத்துத் தினமும் கேட்பவர். ஒரு நாள் என்னை நிறுத்தி, "டீச்சர், புள்ளைங்க நல்லாதான் பேசுது, ஆனா என்கிட்ட பேசுற மாதிரி இல்லையே" என்றார். அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன். செய்தித் தமிழின் உச்சரிப்புக்கு, அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. ழகரம் பிசகினால் எனக்கு இன்றும் மனம் வலிக்கும். ஆனால் அந்தக் குரல் தில்லியிலிருந்து தமிழர் அனைவருக்கும் பேசியது. எங்கள் பிள்ளைகள் பேசவேண்டியது இந்த இஸ்திரி வண்டிக்காரரிடமும், இட்லிக் கடை அக்காவிடமும், வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடமும்தான்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தோம். அறிவிப்பும் அஞ்சலியும் எழுத்துத் தமிழில், ஒரு மெய்யெழுத்தும் உதிராமல் வாசிக்கப்படும். உரையாடலும் நேர்காணலும் அவரவர் வீட்டுப் பேச்சில் இருக்கும். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய உண்டு என்பதால், அவர்கள் தங்கள் பாட்டிமாரோடு பேசும்போது அந்த மொழியும் வரலாம். இதில் எனக்கு வியப்பூட்டியது ஒன்று உண்டு. வீட்டுப் பேச்சுக்கு இடம் கொடுத்த பிறகு எழுத்துத் தமிழ் கெடவில்லை, சீரானது. எது எங்கே பொருந்தும் என்று பிள்ளைகள் காதாலேயே அறிந்துகொண்டார்கள். 'ப' என்ற எழுத்தில் மூச்சு வெடித்து மைக்கில் மோதுவதைத் தடுக்க, பூவேலைத் தையலுக்கான வளையத்தில் மெல்லிய நைலான் துணியைக் கட்டி மைக்கின் முன் நிறுத்தியிருந்தோம். வல்லினம் எப்படிப் பிறக்கிறது என்று நான் கரும்பலகையில் எழுதி விளக்கிய பல ஆண்டுகளைவிட, அந்தத் துணி துடித்ததைப் பார்த்த ஒரு மாலைப்பொழுது அவர்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் எங்கள் கம்பத்தை வளைத்துவிட்டது. மின்சாரம் திரும்பியும், அதைச் சீர்செய்து ஒலிபரப்பைத் தொடர நாளாயிற்று. மறு ஆண்டு ஐப்பசி மழை தொடங்கும்போது, பிள்ளைகள் தாமாகவே ஒரு நிகழ்ச்சி செய்ய விரும்பினார்கள். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது, ஐந்தாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஒவ்வொரு புயலின்போதும் செய்தியில் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள் என்று விளக்கும் நிகழ்ச்சி அது. மொத்தம் பதினொரு எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவாகியிருப்பதைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகமே மோசமான வானிலையைச் சந்திக்கும் என்பவை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பகலில் உருளையும் கூம்புமாகக் கட்டிய வடிவங்களையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் கம்பத்தில் ஏற்றுவார்கள். எழுதியதை நானும் படித்துப் பார்த்து, சந்திப்பிழை திருத்தி அனுமதித்தேன். "ஐந்தாம் எண் என்றால் புயல் துறைமுகத்தின் இடப்பக்கமாகக் கடக்கும்" என்று ஒரு மாணவி வாசித்தாள்.

மறுநாள் காலை, இறைவணக்கம் முடிந்த நேரத்தில், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒரு பெரியவர் வாசலில் நின்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கூண்டு ஏற்றும் வேலையிலேயே சில காலம் இருந்தவர். கோபமாக வரவில்லை. நேற்று வாசித்த பிள்ளையைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவள் பயந்துகொண்டே வந்தாள்.

"பாப்பா, இடது கைன்னு சொன்னியே, அது யாரு கை? உன் கையா, புயலோட கையா?" என்றார்.

அவளுக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கரையில் கடலைப் பார்த்து நிற்பவனுக்கு இடப்பக்கம் வடக்கு. படகில் கரைக்குத் திரும்பி வருகிறவனுக்கு இடப்பக்கம் தெற்கு. நீ சொன்னதைக் கேட்டு அவன் எந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்வான் என்று அவர் கேட்டபோது, அந்தத் தாழ்வாரத்தில் இருந்த எல்லாரும் பேசாமல் நின்றோம். பிறகு அவளை முற்றத்துக்கு அழைத்துப் போனார். "இப்போ நீதாம்மா புயல். கடலுக்கு முதுகைக் காட்டி நில்லு. இடது கையை நீட்டு." அவள் நீட்டினாள், கை தெற்கே, மயிலாப்பூர்ப் பக்கம் காட்டியது. "அந்தக் கை பக்கம் துறைமுகம் இருந்தா அஞ்சு. அப்போ புயல் துறைமுகத்துக்கு வடக்கால கரையேறுது. வலது கை பக்கம் இருந்தா ஆறு, புயல் தெற்கால போகுது. நேரா துறைமுகத்து மேலேயோ பக்கத்திலேயோ வந்தா ஏழு." கொச்சியில் நின்றால் இதே ஐந்து திசை மாறிப்போகும், ஏனென்றால் அங்கே புயல் கிழக்கே பார்த்து வரும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாலை அதே மாணவி, நேற்றுத் தான் சொன்னது தெளிவில்லாதது, அதைத் திருத்தியவர் இவர் என்று ஒலிபரப்பில் சொல்லிவிட்டு, பெரியவரையே பேசவைத்தாள். அவர் பதினொன்றாம் எண்ணைப் பற்றிச் சொன்னதை நான் முன்பு கேட்டதே இல்லை. அது புயலின் வலிமையைக் குறிப்பதன்று; புயல் எச்சரிக்கை மையத்தோடு இருந்த செய்தித்தொடர்பு முழுதும் அறுந்துவிட்டது என்பதைக் குறிப்பது. "பதினொண்ணு ஏறிச்சுன்னா, இனிமே எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, நீங்களே பார்த்துக்கோங்கன்னு அர்த்தம்" என்றார் அவர். வர்தாவின்போது கைப்பேசி கோபுரங்கள் செத்து, எங்கள் கம்பமும் வளைந்து கிடந்த நாட்களை நினைத்து அறைக்குள் யாரும் பேசவில்லை. சில நொடி அமைதி அப்படியே ஒலிபரப்பில் போனது. அதை வெட்டவேண்டாம் என்று நான் சொன்னேன்.

அந்தப் பெரியவர் வந்த வழியில் இன்னும் பலர் வந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி மூடும் முன்னும் திறந்த பின்னும் கிடைக்கும் சில வாரங்களில் பிள்ளைகள் கரையிலிருந்தவர்களிடம் போய்ப் பேசிப் பதிவுசெய்தார்கள். தெண்டி, வன்னி என்று நீரோட்டத்துக்குப் பெயர்கள் உண்டு என்பதை, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாக என் வகுப்பில் உட்கார்ந்திருந்தும், அப்போதுதான் நான் கற்றேன். அவர்கள் அதைத் தமிழ் வகுப்பில் சொல்லத்தக்கதாக நினைத்திருக்கவில்லை.

எல்லா வருகையும் இனிமையாக இருந்ததில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தபோது, ஒரு மாணவன் தன் நண்பன் சொன்னதை நம்பி, தண்ணீர் லாரி மாலை ஐந்துக்கு ஒரு தெருவுக்கு வரும் என்று அறிவித்துவிட்டான். நிர்வாகத்திடமிருந்து வந்த அறிவிப்பை மட்டுமே சொல்லவேண்டும் என்ற விதி எங்கள் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அந்தத் தெருப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு இரண்டு மணிநேரம் வெயிலில் நின்றிருக்கிறார்கள். மறுநாள் நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர், வேலைக்குப் போகாமல் அரைநாள் கூலியை விட்டுவிட்டு நின்றவர். அவர் திட்டவில்லை, "உன் வாயை நம்பித்தானே தம்பி நின்னேன்" என்று மட்டும் சொன்னார். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவனே முன்னால் வந்து கேட்டான். அதன்பிறகு எங்கள் வானொலியில், எங்கிருந்து வந்தது, யார் உறுதிசெய்தார் என்ற இரண்டு கட்டங்கள் நிரப்பப்படாத எந்தத் தாளும் மைக் முன்னால் போகவில்லை. அந்தக் கட்டங்களைப் போட்டவன் அவன்தான்.

இனி, அந்தத் தலைமையாசிரியர் கேட்ட கடினமான கேள்விகள். உயர்நிலைப்பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பத்தில் பொதுத்தேர்வு இருப்பதால், பழகிய பிள்ளைகள் ஒன்பதோடு விலகிக்கொள்வார்கள். ஆண்டுதோறும் ஜூனில், மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இது குறைதான், ஆனால் பள்ளி என்பதே இப்படித்தான் நடக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை, மணிக்கு 5 நிமிட விளம்பரம் என்று முன்பு இருந்த வரம்பு இப்போது 12 நிமிடமாகியிருக்கிறது. அதை நம்பித் தொடங்காதீர்கள் என்பேன். எங்கள் தெருக் கடைகள் தரக்கூடியது உப்புக்காற்றில் அரிக்கும் ஆன்டெனாவின் பராமரிப்புக்கே காணாது. வேதியியல் ஆய்வகம் வருமானம் ஈட்டவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இதையும் அப்படி ஓர் ஆய்வகமாக வரவுசெலவில் எழுதுங்கள். 1927-இல் செட்டியாரின் கழகத்துக்கு அப்படி எழுதிக்கொள்ள ஒரு பள்ளி இருக்கவில்லை.

இணையத்திலேயே ஒலிபரப்பினால் உலகமெல்லாம் கேட்குமே என்கிறார்கள். செய்யுங்கள், தவறில்லை. 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது நாங்கள் அதையும் செய்து பார்த்தோம். போர்வைக்குள் தலையை நுழைத்துக் கைப்பேசியில் நான் பதிவுசெய்த செய்யுள் பாடங்கள் இணையத்திலும் போயின, கம்பத்தின் வழியாகவும் போயின. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வெளியே போய்விடும் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது கம்பத்தின் வழியாகப் போனதுதான். உலகம் கேட்டதா என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பாடம் முடிந்த மறுநாள், முகக்கவசம் அணிந்த ஒரு தாய் பூட்டிய பள்ளி வாசலுக்கு வந்து, நேற்றுச் சொன்ன மூன்றாவது கேள்வி மகளுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம் என்று காவலரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் ஆனதும் பழைய பதிவுகளை அழித்துக் கணினியில் இடம் உண்டாக்குவது எங்கள் வழக்கம். துறைமுகப் பெரியவரின் பதிவும் அப்படி 2018 தொடக்கத்தில் போயிருக்க வேண்டியது. அன்று இடப்பக்கத்தைத் தவறாகச் சொன்ன மாணவி, யாரிடமும் கேட்காமல் அதைப் பென்டிரைவில் எடுத்துவைத்திருந்தாள்; பள்ளியை விட்டுப் போகிற நாளில் என்னிடம் கொடுத்தாள். பெரியவர் இப்போது இல்லை. நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி நிகழ்ச்சியை அறிமுகம் செய்து முடித்ததும், அந்தக் குரல் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. சென்ற முறை அதை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "கடலுக்கு முதுகைக் காட்டி நில்லு" என்று வந்ததும், துணி வாங்க வந்திருந்த ஒரு சிறுவன் கிழக்கு எது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, திரும்பி நின்று இடது கையை நீட்டினான்.